ரேஞ்ச்ஃபைண்டர் பைனாகுலரா, இரண்டும் தனித்தனியா? முதல் வேட்டைக்கு வாங்கும் முன்

கொலராடோ மலையில் முதல்முறை எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குக் கிளம்புகிறவர் கடையில் திணறும் இடம் இதுதான். தூரம் அளக்கும் லேசர் உள்ளேயே இருக்கும் பைனாகுலரை வாங்குவதா, அல்லது சாதாரண பைனாகுலர் ஒன்று, கைக்குள் அடங்கும் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) ஒன்று என்று பிரித்து வாங்குவதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் இருப்பது 1,000 டாலருக்குள் என்றால் தனித்தனியாகத்தான். அதற்கு மேல் இருந்தால் கீழே உள்ளதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கே தடை. இது அமெரிக்க மேற்கு மாநிலங்களில் லைசென்ஸ் எடுத்துப் போகிறவர்களுக்கு.)

படி 1: எங்கே, எதைக் கொண்டு வேட்டை?

.30-06 தோட்டா போடும் ரைபிளை 200 கெஜத்துக்கு ஜீரோ செய்திருந்தால் (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்திருந்தால்), 300 கெஜத்தில் குண்டு சுமார் 8 அங்குலம் தாழும். 400 கெஜத்தில் ஏறத்தாழ 2 அடி. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் எல்க் 400-இல் இருக்கும்போது 300 என்று நினைத்துச் சுட்டால், ஒன்று குண்டு கீழே போகும், இல்லையென்றால் எல்க் காயத்தோடு ஓடிவிடும். இப்படி வெட்டவெளியில் மணிக்கணக்காக மலைச்சரிவைத் துழாவி, கண்டதும் தூரம் பார்க்க வேண்டியவருக்குத்தான் இரண்டும் சேர்ந்த பைனாகுலர் உண்மையிலேயே பயன்படும்.

வில் வேட்டை வேறு. 40 கெஜத்துக்குள் வரும் மானுக்குப் பைனாகுலரே அதிகம். மரத்தில் ஏறி உட்கார்ந்ததும் சுற்றியுள்ள மரங்கள், பாறைகளின் தூரத்தைச் சின்ன ரேஞ்ச்ஃபைண்டரால் அளந்து மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு கையில் வில் இருக்கும்போது ஒரு கிலோ பைனாகுலரைத் தூக்கிப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

எதை வாங்கினாலும் சரிவுக் கோணத்தைக் கணக்கில் எடுக்கும் வசதி இருக்கட்டும். 30 டிகிரி சரிவில் 300 கெஜம் என்று காட்டினால், குறி வைக்க வேண்டியது 260 கெஜத்துக்கு.

படி 2: காசு எங்கே போகிறது?

லைக்கா நிறுவனம் 1992-இல் ஜியோவிட் என்ற பெயரில் லேசர் பொருத்திய பைனாகுலரைக் கொண்டுவந்தது. இத்தனை வருஷம் கழித்தும் ஐரோப்பியத் தயாரிப்புகள் 3,000 டாலரைத் தொடும், தாண்டும். வோர்டெக்ஸ் நிறுவனத்தின் ஃப்யூரி போன்றவை அதைவிட நன்றாகவே குறைவு. அதற்கும் கீழே இறங்கினால் லேசரைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியின் (லென்ஸின்) தரத்தில் கை வைத்திருப்பார்கள்.

கண்ணாடி ஏன் முக்கியம்? கொலராடோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, மறைந்து அரை மணி வரை சுடலாம். எல்க் வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான். அப்போது மங்கிய கண்ணாடியில் புதர் எது, மிருகம் எது என்று தெரியாது. தெரியாத மிருகத்துக்குத் தூரம் அளந்து என்ன பயன்?

படி 3: கடையில் பார்க்க வேண்டியது

பகல் வெளிச்சத்தில், கடை வாசலில் நின்று பார்த்தால் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும். சாயங்காலம் போங்கள். ஒரே விலையில் சாதாரண 10x42 (10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) ஒன்றையும் லேசர் உள்ள 10x42 ஒன்றையும் மாற்றி மாற்றி ஒரே நிழலான மூலையைப் பாருங்கள். தூரத்தின் எண்ணைக் கண்ணுக்குக் காட்ட உள்ளே வைக்கும் பூச்சினால் லேசர் உள்ளது சிலவற்றில் லேசாக நீலம் தட்டும்.

எண்கள் எந்த நிறத்தில் வருகின்றன என்று பாருங்கள். கறுப்பு எண்கள் இருண்ட பைன் காட்டின் மேல் கரைந்துவிடும். சிவப்பில் எரிபவை தெரியும், ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி வேண்டும். இல்லையென்றால் அந்தி நேரத்தில் கண்ணைக் கூசும்.

இத்தனை தூரம் அளக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள். அது லேசரை நன்றாகத் திருப்பி அனுப்பும் பளபளக்கும் பலகைக்கு. மானுக்கென்று தனியாக ஒரு எண் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் பாதிகூட இருக்காது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 4: வாங்கியதும் கம்பத்தில் சோதியுங்கள்

இதைப் பலர் செய்வதே இல்லை. லேசர் போகும் இடமும் உள்ளே தெரியும் குறியும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் வானம் மட்டும் இருக்கும் தனி விளக்குக் கம்பம் ஒன்றைப் பிடியுங்கள். பைனாகுலரை ட்ரைபாடில் ஏற்றி, ஸ்கேன் மோடில் (தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும் முறை) போட்டு, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். எண்ணுக்குப் பதில் வெறும் கோடு வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று எண் வரும். அந்த நொடியில் குறி கம்பத்தின் மேலா, இடதா, வலதா? மேல்கீழுக்கு ஒரு கூரை விளிம்பை வைத்து இதையே செய்யுங்கள். குறிக்குச் சற்று இடதுபுறம்தான் அளக்கிறது என்று தெரிந்துவிட்டால், காட்டில் அதற்கேற்பப் பிடிக்கலாம். ஒளிக்கற்றை 2 மில்லிரேடியன் (1,000 மீட்டருக்கு 2 மீட்டர்) விரியும் கருவியில் 400 மீட்டரில் அது 80 சென்டிமீட்டர் அகலம். கொஞ்சம் விலகினாலும் எல்க்கை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள மலையை அளந்து தரும்.

கைக்குள் அடங்கும் கருவிக்கும் இதே சோதனைதான். அதன் தொல்லை வேறு: பைனாகுலரை இறக்கி, பையில் கைவிட்டு, 6 மடங்கு பெரிதாக்கும் குழாயைக் கண்ணில் வைத்தால், சரிவில் அதே மிருகத்தை மறுபடி தேட வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பாறை, பட்ட மரம் என்று அடையாளம் பிடித்து வைத்துவிட்டு மாற்றிப் பழகுங்கள். வீட்டு மாடியிலேயே பழகலாம்.

படி 5: எடை, பேட்டரி, ரிப்பேர்

சேர்ந்தது ஏறக்குறைய ஒரு கிலோ. தனித்தனியாக இருந்தாலும் மொத்தம் அதே அளவுதான், ஆகவே எடையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் சேர்ந்தது வெறும் பைனாகுலராக வேலை செய்யும். சில சின்ன ரேஞ்ச்ஃபைண்டர்களில் காட்சியே இருண்டுவிடும். ரிப்பேர் வந்தால் கதை தலைகீழ். சேர்ந்ததை அனுப்பினால் சீசன் நடுவில் இரண்டும் இல்லாமல் நிற்பீர்கள். வாரண்டியும் கண்ணாடிக்கு ஒன்று, எலக்ட்ரானிக்ஸுக்கு ஒன்று என்று சில நிறுவனங்களில் வேறுபடும், பில் போடும் முன் கேளுங்கள். அப்புறம், நிறையக் கருவிகளில் ஓடுவது சிஆர்2 என்ற சின்ன லித்தியம் பேட்டரி. மலையடிவார ஊர்க் கடைகளில் அது கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஒன்றைக் கூடுதலாக வாங்கி, குளிர் படாமல் உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.