ஆர்கானிக் பொருட்களின் வாரத் தள்ளுபடி: கடைக்குக் கடை ஒப்பிடுவது எப்படி

வாரச் சலுகைத் தாளில் கொட்டை எழுத்தில் இருப்பது தள்ளுபடிச் சதவீதம். வாங்குகிறவருக்கு வேண்டியதோ 100 கிராமுக்கு என்ன விலை விழுகிறது என்பது. 30% தள்ளுபடி போட்ட கடையைவிட, ஒன்றுமே போடாத கடையில் அதே பொருள் மலிவாகக் கிடைப்பது சர்வசாதாரணம். அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

கடையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒப்பிடக் கிளம்பினால் மூன்றாம் வாரமே அலுத்துவிடும். வீட்டில் தவறாமல் தீரும் 15 முதல் 20 பொருட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தானியம், மாவு, பயறு, எண்ணெய், பால், முட்டை, தேன், காபி, கூடவே இரண்டு மூன்று காய்கறி, பழம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, கடை, பிராண்ட், சான்று முத்திரை, நிகர எடை, விலை, 100 கிராம் விலை என்று எழுதி வாருங்கள். ஆஃபர் இல்லாத வாரத்து விலையையும் விடாமல் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் ஆஃபர் உண்மையா என்று சொல்லவே முடியாது. நிகர எடையை ஒவ்வொரு முறையும் பாக்கெட்டைப் பார்த்தே எழுதுங்கள். விலையில் கை வைக்காமல் 500 கிராமை 450 ஆக்கிவிடுவார்கள். அது 11% விலையேற்றம், ஆனால் விலைச்சீட்டில் தெரியாது.

கணக்கு எளிது: விலையை எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 400 கிராம் 180-க்கும் ஒரு கிலோ 430-க்கும் விற்றால், 100 கிராம் விலை முறையே 45, 43. சிறிய பாக்கெட்டுக்கு மட்டும் 20% தள்ளுபடி வந்தால் அது 36-க்கு இறங்கும். பெரிய பாக்கெட்தான் எப்போதும் லாபம் என்ற நினைப்பு அந்த வாரம் பொய்த்துப்போகும்.

ஆஃபர் வாசகங்களையும் இதே கணக்குக்குள் கொண்டுவர வேண்டும். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது 33% தள்ளுபடி. மூன்றும் கெடாமல் பயன்படும் வீட்டுக்கு மட்டும். ‘இரண்டாவது பாதி விலை’ என்றால் 25%. ‘50% கூடுதல்’ என்பதைப் பாதி விலை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் 33%தான். 20% கழித்து அதன்மேல் 10% கழித்தால் 30% ஆகாது, 28%. ‘50% வரை’ என்று இருந்தால் அந்த 50% எந்தப் பொருளுக்கு என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றாக இருக்கும்.

ஒப்பீடு அதிகம் சறுக்குவது அளவில். ஒரு கடை தேனை 500 கிராம் என்று விற்கும், இன்னொன்று 500 மில்லி என்று விற்கும். தேன் தண்ணீரைவிட அடர்த்தி. 500 மில்லி சுமார் 700 கிராம் வரும். எண்ணெய் நேர்மாறு: ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 முதல் 920 கிராம்தான். டின்னில் அடைத்த வேகவைத்த பயறுக்கு, தண்ணீர் வடித்த எடையைப் பாருங்கள். 400 கிராம் டின்னில் வடித்தபின் நிற்பது பொதுவாக 240 கிராம் அளவுக்கே. உலர்ந்த பயறு ஊறி வெந்தால் இரண்டு, இரண்டரை மடங்கு எடை ஏறும் என்பதையும் சேர்த்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். கட்டாக விற்கும் கீரையைத் தராசில் போட்டுவிடுங்கள். கட்டுக்குக் கட்டு எடை மாறும்.

அடுத்தது முத்திரை. தமிழில் ‘இயற்கை’ என்ற ஒரே சொல் ‘நேச்சுரல்’, ‘ஆர்கானிக்’ இரண்டுக்கும் வேலை பார்ப்பதால் இங்கே குழப்பம் இரட்டிப்பு. ‘நேச்சுரல்’ என்று அச்சிட்டிருப்பது எப்படி விளைந்தது என்பதற்குச் சான்று அல்ல. ‘ஆர்கானிக்’ என்பது சான்றிதழ் தேவைப்படும் சொல். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் ‘நேச்சுரல்’தான் ஜெயிக்கும், ஏனென்றால் அதற்குச் சான்றுச் செலவே இல்லை. கலவைப் பொருட்களில் சதவீதமும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் (யுஎஸ்டிஏ) ஆர்கானிக் முத்திரைக்கு உப்பும் தண்ணீரும் நீங்கலாகக் குறைந்தது 95% ஆர்கானிக் பொருள் இருக்க வேண்டும். ‘ஆர்கானிக் பொருட்களால் செய்தது’ என்று எழுத 70% போதும், ஆனால் முத்திரை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலைச் சின்னத்துக்கும் வேளாண் பொருட்களில் 95% வேண்டும். எனவே 95-ஐ 95-உடன் ஒப்பிடுங்கள். ஒரே முத்திரை கொண்ட கடையின் சொந்த பிராண்ட், பெயர்பெற்ற பிராண்டின் ஆஃபர் விலையையும் தோற்கடிப்பதுண்டு. அதையும் நோட்டில் எழுதத் தவறாதீர்கள்.

பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் உதவும். வாழைப்பழத்தின் பிஎல்யு எண் (கவுண்டரில் விலையைக் கண்டுபிடிக்க உதவும் குறியீட்டு எண்) 4011; ஆர்கானிக் என்றால் முன்னால் 9 சேர்ந்து 94011. ஆனால் இந்த எண்ணைப் போடுவது கட்டாயம் இல்லை, ஸ்டிக்கர் இல்லாததை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எழுதினால் எந்தப் பொருள் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை இறங்குகிறது என்பது நோட்டிலேயே தெரியும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இறங்கும் பொருள் உங்கள் வீட்டில் வாரம் 300 கிராம் தீர்கிறது என்றால், ஆஃபரில் வாங்க வேண்டியது 1.8 கிலோ. அதற்கு மேல் வாங்குவது, அடுத்த ஆஃபர் வரும்போது அலமாரியில் இடமில்லாமல் செய்வதுதான். எல்லாவற்றையும் இப்படிச் சேர்க்கவும் முடியாது. தவிடு நீக்காத மாவிலும் கொட்டைகளிலும் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை வந்துவிடும். ஃப்ரீசரில் இடம் இருந்தால் மட்டும் அதிகம் வாங்குங்கள். தானியமும் பயறும் வண்டு பிடிக்காமல் இருக்க, காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு வாரம் −18 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வரட்டும். அவசரப்பட்டுத் திறந்தால் தானியத்தின்மேல் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாவது கடைக்குப் போகலாமா என்பதற்குத் தனிக் கணக்கு. அங்கே மிச்சமாகும் மொத்தத்திலிருந்து போக்குவரத்துச் செலவைக் கழியுங்கள். ஐந்தாறு பொருளாவது சேராவிட்டால் பெரும்பாலும் மிஞ்சாது. ஆன்லைனில் என்றால் டெலிவரிக் கட்டணத்தையும், இலவச டெலிவரிக்காகக் கூடையில் போட்ட வேண்டாத சாமானையும் செலவுப் பக்கம் எழுதுங்கள். சலுகைத் தாளின் முதல் பக்கத்தில் வருபவை பெரும்பாலும் ஆளை இழுக்க அடக்க விலைக்கே, சில சமயம் அதற்கும் கீழே விற்கப்படுபவை. உள்பக்கங்களில் வழக்கமான விலையே வண்ணத்தில் அச்சாகி இருப்பதும் உண்டு, நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். உறுப்பினர் அட்டை வேண்டுமா, ஒருவருக்கு எத்தனை, எந்த வகைக்கு மட்டும் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

சலுகை தொடங்கும் நாள் காலையில் புது விலை கணினியில் ஏறாமல் இருக்கலாம். கடைசி நாள் முடிந்தும் பழைய விலைச்சீட்டு அலமாரியில் தொங்கலாம். சலுகைத் தாளை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, கவுண்டரை விட்டு நகருமுன் பில்லை வரிவரியாகச் சரிபாருங்கள். நோட்டில் எழுத வேண்டியதும் தாளில் போட்ட விலையை அல்ல, அந்தப் பில்லில் இருக்கும் விலையை.