மழை தவறும் காலத்தில் கொறங்காட்டு மேய்ச்சல்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் கொறங்காட்டை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டை, நம்பிச் செம்மறி வளர்ப்பவர்கள், ஆடி ஐப்பசி என்று மாதக் கணக்கு வைத்துக் கடவை (வேலி வாசலை) திறந்த காலம் போய்விட்டது. மழை முன்னே பின்னே வருகிறது. வந்தாலும் ஒரே நாளில் கொட்டிவிட்டு மாதக் கணக்கில் காய்கிறது. இனி கடவைத் திறக்க நாள் குறிக்க வேண்டியது புல்தான்.

முதல் மழைக்குப் பத்து நாளில் காடு பச்சை கட்டும். ஆடு கத்தும். அப்போதும் படலைத் திறக்காதீர்கள். கொழுக்கட்டைப்புல் வேர்க்கட்டையில் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் செலவழித்துத்தான் அந்தத் துளிரை விட்டிருக்கிறது. அதை ஆடு கடித்து, அடுத்த மழையும் தள்ளிப்போனால் தூர் (அடிக்கட்டை) செத்துப்போகும். புல் முழங்கால் உயரம் வந்து கதிர் எட்டிப்பார்க்கட்டும். மழையைப் பொறுத்து ஐந்தாறு வாரம் ஆகும். ஆகவே தட்டுப்போர் (காய்ந்த சோளத்தட்டு அடுக்கிய போர்) மழை வரும்வரை இருந்தால் போதாது, மழைக்குப் பிறகும் 40 நாள் தாங்க வேண்டும். 30 கிலோ ஆடு ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 1 கிலோ காய்ந்த தீவனம் என்று வைத்தால், 20 ஆட்டுக்கு 800 கிலோ. சோளத்தட்டோடு கடலைக்கொடியும் கலந்திருந்தால் நல்லது.

காட்டைக் கிளுவை வேலி போட்டு மூன்று நான்காகத் தடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடுப்பில் புல் அரைச் சாணுக்கு இறங்கியதும் அடுத்ததற்கு மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒரு தடுப்பையாவது விதை உதிரும்வரை அடைத்தே வையுங்கள். காட்டைப் புதுப்பிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. தூர் அழிந்த இடத்தில் மட்டும் கீறிவிட்டு, ஏக்கருக்கு 3 கிலோ விதை தூவலாம். விதையில் சுணை (மெல்லிய முடி) இருப்பதால் காற்றில் பறக்கும். ஈரமணலில் பிசறித் தூவுங்கள். ஆழமாக மூடினால் முளைக்காது. அன்றைக்கு உருவிய விதையும் சரியாக முளைக்காது, ஆறேழு மாதம் வைத்திருந்ததாக இருக்க வேண்டும்.

துள்ளுமாரி என்ற குடல் நஞ்சு நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். காய்ந்த தட்டு தின்ற வயிறு திடீரென்று இளம்புல்லைக் கண்டால் குடலில் இருக்கும் கிருமி பெருகி நஞ்சு கக்கும். கொழுத்த குட்டிதான் முதலில் துள்ளி விழும். பங்குனியில் எதிர்பாராத மழை பெய்தாலும் இதே ஆபத்துதான். முதல் வாரம் காலையில் தட்டைப் போட்டு, பனி காய்ந்தபின் ஒரு மணி நேரம் மட்டும் மேயவிட்டு, மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

மானாவாரிச் சோளத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மழை நின்று பயிர் இடுப்புக்குக் கீழேயே வாடி நின்றால் அதில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். அறுத்த கட்டையிலிருந்து வரும் மறுதுளிரிலும் அப்படித்தான். வேலி தாண்டிப் பத்து வாய் தின்றாலே ஆடு மூச்சு முட்டி, நுரை தள்ளி, சில நிமிடத்தில் சாயலாம். வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, சோளம் தின்றது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். முறிவு மருந்தை நரம்பில் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. பூத்த பயிரை அறுத்து நன்றாக உலர்த்திப் போடுவதுதான் பாதுகாப்பு.

கோடையில் வெள்வேலங்காய் கைகொடுக்கும், அதனால் அந்த மரத்தை விறகுக்கு வெட்டாதீர்கள். சீமைக்கருவேலங்காய் வேறு கதை. அதைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை அப்படியே வந்து விழுந்து, சில ஆண்டில் புல்லை விழுங்கிவிடும். கொடுப்பதானால் விதையோடு அரைத்து மாவாக்கிக் கொடுங்கள்.

கிடாவை ஆண்டு முழுக்க மந்தையில் விடாமல் தனியே கட்டுங்கள். சினைக்காலம் 5 மாதம். ஆடி, ஆவணியில் சேர்த்தால் காட்டில் தீவனம் இருக்கும் மார்கழி, தையில் குட்டி விழும். சித்திரைக் குட்டிக்குத் தாயிடம் பால் இருக்காது. சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைக்கு நாளும் 200 கிராம் கம்பு வையுங்கள். 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததைப் போல, கார்த்திகை பாதி தாண்டியும் காடு நனையவில்லை என்றால் மந்தையைக் குறைக்க அதுதான் நேரம். பல் விழுந்தது, மடி கெட்டது, ஓராண்டாகச் சினை பிடிக்காதது, இந்த வரிசையில் கழியுங்கள். இளம் பெட்டையில் கை வைக்காதீர்கள். மாசி வரை பொறுத்தால் ஊரே கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்கு ஓட்டி வரும், ஆடும் இளைத்திருக்கும், கேட்ட விலைக்குத்தான் விட வேண்டியிருக்கும்.