துப்பாக்கி உரிமைக்காக உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் பேசுவது எப்படி? முதல் தடவை போன் போடுபவர்களுக்கு

2020 பிப்ரவரி 17 அன்று வர்ஜீனியா மாநில செனட்டின் நீதித்துறைக் குழுவில் எச்பி 961 என்ற மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. சில வகை அரைத் தானியங்கி ரைபிள்களுக்கும் தோட்டாக்களை அடுக்கிப் பொருத்தும் பெரிய மேகசின்களுக்கும் தடை போடும் மசோதா அது. ஆறு நாள் முன்புதான் கீழவையில் 51-க்கு 48 என்று தப்பிப் பிழைத்து வந்திருந்தது. குழுவில் இருந்தது 15 பேர். 10-க்கு 5 என்ற வாக்கில் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்தப் பத்தில் நான்கு பேர் மசோதாவைக் கொண்டுவந்த ஜனநாயகக் கட்சிக்காரர்களே: கிரீ டீட்ஸ், ஸ்காட் சுரோவெல், சாப் பீட்டர்சன், ஜான் எட்வர்ட்ஸ்.

யாரைக் கேட்டாலும் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் நடத்திய ஜனவரி 20 பேரணிதான் காரணம் என்பார்கள். மாநிலத் தலைநகர் ரிச்மண்டின் தெருக்களில் சுமார் 22,000 பேர் திரண்டது உண்மைதான். ஆனால் அதே கூட்டத்தொடரில் எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற வரம்பு, நீதிமன்ற ஆணையின் பேரில் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளும் 'ரெட் ஃப்ளாக்' சட்டம் மூன்றும் நிறைவேறி, ஜூலை 1 முதல் அமலுக்கும் வந்துவிட்டன. கூட்டம் மட்டுமே போதுமென்றால் இவையும் நின்றிருக்க வேண்டும். டீட்ஸின் அப்போதைய தொகுதியில் வேட்டைக்குப் போகிற மலையோரக் கிராமங்கள் இருந்தன. அங்கிருந்து வரும் போனை அவரால் அலட்சியம் செய்ய முடியவில்லை. என் கணக்கு அதுதான்: கட்சி எதுவாக இருந்தாலும் தயங்கி நிற்கும் நாலைந்து பேர், அவர்களுடைய சொந்தத் தொகுதி மக்கள், வாக்கெடுப்புக்கு முந்தைய சில நாள்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

துப்பாக்கி உரிமை வேண்டும் என்று நினைத்தும் இதுவரை ஒரு உறுப்பினர் அலுவலகத்துக்கும் போன் செய்யாத அமெரிக்கத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். வர்ஜீனியாவை வைத்துச் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் பெயரும் தேதியும் மாறும், வேலை ஏறத்தாழ இதேதான். கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். குழு அறையில் சிவப்புச் சட்டையோடு 'மாம்ஸ் டிமாண்ட் ஆக்‌ஷன்' அமைப்பினர் நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

விசா பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். குடியுரிமை இல்லாதவரும் உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், போன் செய்யலாம். கிரீன் கார்டு இல்லாதவர் தேர்தல் நன்கொடை மட்டும் தரக் கூடாது. அது மத்திய சட்டப்படி குற்றம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கே பொதுவாகத் தடை உண்டு. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன, அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

படி 1: உங்களுக்கு உரியவர்கள் ஐந்து பேர்

வாஷிங்டனில் ஒரு பிரதிநிதி, இரண்டு செனட்டர்கள். ரிச்மண்டில் ஒரு டெலிகேட் (மாநிலக் கீழவை உறுப்பினர்), ஒரு மாநில செனட்டர். உங்கள் வீட்டு முகவரியைப் போட்டால் வர்ஜீனியா சட்டமன்றத்தின் இணையதளமே மாநில உறுப்பினர்களின் பெயரைச் சொல்லிவிடும். ஐந்து பேரின் அலுவலக எண்களையும் இன்றைக்கே போனில் சேமியுங்கள். மசோதா வந்த பிறகு தேடலாம் என்றால் தேடுவதற்குள் வாக்கெடுப்பு முடிந்திருக்கும்.

அடுத்த தொகுதிக்காரருக்கு எழுதி எந்தப் பயனும் இல்லை. பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர், ராஜா கிருஷ்ணமூர்த்தி தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்தவர், நம்மவர் கேட்பார் என்று சிலர் ரிச்மண்டில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு எழுதுகிறார்கள். ஒருவர் வாஷிங்டன் மாநிலம், இன்னொருவர் இல்லினாய்ஸ். ஜிப் கோடைப் பார்த்ததும் அலுவலகத்தில் ஓரமாக வைத்துவிடுவார்கள். போதாக்குறைக்கு இருவருமே துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள்.

படி 2: விஷயம் எங்கே முடிவாகிறது என்று பாருங்கள்

புதியவர்கள் எல்லோரும் வாஷிங்டனையே பார்க்கிறார்கள். அங்கே காரியம் நகர்வது கடினம். ஒரு மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவர் மற்ற மாநிலங்களிலும் எடுத்துச் செல்லலாம் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்று ஜெயித்தது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அங்கே விவாதத்தை முடித்து வைக்கவே 60 வாக்கு வேண்டும்.

துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் கதையும் அப்படித்தான். 1934-ம் ஆண்டுச் சட்டம் அதன்மீது 200 டாலர் வரி போட்டது. அந்தச் சட்டத்திலிருந்தே சைலன்சரை எடுத்துவிட வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. 2025-ல் கிடைத்தது பாதி: 2026 ஜனவரி 1 முதல் வரி பூஜ்யம், பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் அப்படியே இருக்கிறது.

மாநிலத்தில் வேகம் வேறு. வர்ஜீனியா சட்டமன்றம் ஜனவரி இரண்டாம் புதன்கிழமை கூடும். இரட்டைப்படை ஆண்டில் சுமார் ஒன்றரை மாதம், மற்ற ஆண்டில் 60 நாள், அவ்வளவுதான். கீழவையில் 100 பேர், செனட்டில் 40 பேர். ஒரு டெலிகேட்டுக்கு வரும் போன்கள் ஒரு அமெரிக்க செனட்டருக்கு வருவதில் சிறு பங்கு. உங்கள் குரல் எங்கே எடுபடும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: மசோதாவை நீங்களே படியுங்கள்

மாநிலச் சட்டமன்றத்தின் எல்ஐஎஸ் தளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் முழு வாசகம், எந்தக் குழுவில் இருக்கிறது, யார் எப்படி வாக்களித்தார் எல்லாம் வரும். எச்பி என்றால் கீழவையில் பிறந்தது, எஸ்பி என்றால் செனட்டில். வாஷிங்டன் மசோதாக்களுக்கு காங்கிரஸ் டாட் கவ் தளம்.

துப்பாக்கி அமைப்புகள் அனுப்பும் மின்னஞ்சலை மட்டும் நம்பிப் பேசாதீர்கள். எண் அதேதான் இருக்கும், உள்ளே வாசகம் திருத்தப்பட்டிருக்கும். பழைய வாசகத்தை வைத்து நீங்கள் பேச, "அந்தப் பிரிவை எடுத்துவிட்டோமே" என்று ஊழியர் சொல்ல, பேச்சு அங்கேயே முடிந்துவிடும். திருத்தங்களின் தேதியைப் பாருங்கள். குழு உறுப்பினர் பட்டியலில் உங்கள் ஆள் இருக்கிறாரா என்றும் பாருங்கள். இருந்தால் உங்களுக்கு யோகம்.

படி 4: போன்

எல்லாவற்றிலும் பலன் தருவது இதுதான், எல்லோரும் பயப்படுவதும் இதற்குத்தான். நம் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எடுப்பவர் பெரும்பாலும் இளம் உதவியாளர். அவருடைய வேலை மூன்றே விஷயத்தைக் குறித்துக்கொள்வது: நீங்கள் யார், எந்த மசோதா, ஆதரவா எதிர்ப்பா. உங்களோடு வாதாட அவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. உறுப்பினரே எடுத்துவிட்டால் பதறாதீர்கள், மாநில அளவில் அது நடக்கும்.

ஆங்கிலத்தில் பேசுவதன் சாரம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம், நான் உங்கள் தொகுதியில் குடியிருக்கிறேன், என் ஜிப் கோடு இது. எச்பி இத்தனையாம் எண் மசோதா பற்றிப் பேசுகிறேன். வியாழக்கிழமை குழுவில் வருகிறது. நான் இரவு நேரத்தில் கடை நடத்துகிறேன், முறைப்படி சோதனை முடித்து வாங்கிய துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. மூன்றாவது பிரிவின்படி அதில் உள்ள மேகசினை வைத்திருப்பதே குற்றமாகிவிடும். ஐயா இதை எதிர்த்து வாக்களிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் என்ன முடிவில் இருக்கிறார் என்று தெரிவிக்க முடியுமா?"

ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று பதில் வந்தால், நீங்கள் தேடிய நாலைந்து பேரில் ஒருவர் உங்களுக்கே வாய்த்திருக்கிறார். அதே தொகுதியில் உள்ள நண்பர்களையும் அன்றைக்கே பேசச் சொல்லுங்கள். வாய்ஸ்மெயில் வந்தால் இதையே சொல்லி, முகவரியையும் சேருங்கள்.

அரசியல் சாசனப் பாடம் எடுக்காதீர்கள். 1791-ல் இரண்டாம் திருத்தம் ஏற்கப்பட்டதும், 2008-ல் ஹெல்லர் வழக்கிலும் 2022-ல் புரூயன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தனிமனித உரிமையை உறுதி செய்ததும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் கடையைப் பற்றித்தான் தெரியாது. "அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன்" என்பது உரிமை. உடம்புக்குத் தீங்கு வரும் என்ற தொனியில் ஒரு சொல், விளையாட்டுக்குச் சொன்னாலும், காவல்துறைக்குப் போகும். துப்பாக்கிக்காரர் வாயிலிருந்து வந்தால் இன்னும் வேகமாகப் போகும்.

வாஷிங்டன் அலுவலகங்களுக்கு 202-224-3121 என்ற கேப்பிடல் (நாடாளுமன்றக் கட்டடம்) பொது எண்ணில் கூப்பிட்டு உறுப்பினர் பெயரைச் சொன்னால் இணைப்பார்கள். அங்கே லைன் கிடைக்காவிட்டால் தொகுதி அலுவலகத்துக்குப் போடுங்கள்.

படி 5: எழுத்து

மின்னஞ்சல் போதும். 2001-ல் ஆந்த்ராக்ஸ் தடவிய கடிதங்கள் வந்ததிலிருந்து கேப்பிடலுக்குப் போகும் தபால் எல்லாம் வெளியிடத்தில் சோதனையாகித்தான் உள்ளே போகிறது, தாமதமாகும். பொருள் வரியில் மசோதா எண்ணும் ஆதரவா எதிர்ப்பா என்பதும் இருக்கட்டும். அமைப்புகள் தரும் ஆயத்த வாசகத்தை அப்படியே அனுப்பினால் நூற்றோடு நூற்றொன்றாக எண்ணிக்கையில் சேரும், யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு பத்தி சொந்தமாக எழுதுங்கள்.

அரசுத் துறைகள் போடும் விதிகளுக்கு மட்டும் எழுத்துதான் ஆயுதம். ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் மத்திய அமைப்பு) போன்ற துறை விதியை மாற்ற நினைத்தால் பெரும்பாலும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். 2015 பிப்ரவரியில் எம்855 வகைத் தோட்டாவைத் தடை செய்ய ஏடிஎஃப் யோசனை வெளியிட்டது. 80,000-க்கும் மேல் கருத்துகள் குவிந்தன, காங்கிரஸ் உறுப்பினர்களும் கூட்டுக் கடிதம் எழுதினார்கள். மார்ச் 10 அன்று யோசனையை நிறுத்தி வைத்தார்கள்.

படி 6: ரிச்மண்டுக்கு நேரில் போவது

ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை நாளில் எல்லாக் கட்சியினரும், எல்லா அமைப்பினரும் சட்டமன்றத்துக்குப் படையெடுப்பார்கள். துப்பாக்கி உரிமை அமைப்பான வர்ஜீனியா சிட்டிசன்ஸ் டிஃபென்ஸ் லீக்கின் ஆரஞ்சு ஸ்டிக்கர்கள் அன்றைக்குத்தான் எங்கும் தெரியும். வேடிக்கை பார்க்க நல்ல நாள். பேசுவதற்கு வேறொரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டி நேரம் கேட்டு வாங்குங்கள். பத்து நிமிடம் தருவார்கள். மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். அவர்களில் ஒருவராவது அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். ஒரே பக்கத்தில் மசோதா எண், உங்கள் கோரிக்கை, உங்கள் தொடர்பு எண் அச்சடித்து விட்டு வாருங்கள். சட்டமன்றக் கட்டடத்திலும் வளாகத்திலும் துப்பாக்கிக்கு அனுமதியில்லை. வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

துணைக்குழுவில் சாட்சி சொல்ல யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். பல கூட்டங்கள் காலை 7 மணிக்கே தொடங்கும், பேச ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். முன்னால் பேசியவர் உங்கள் கருத்தையே சொல்லிவிட்டால், "அவர் சொன்னதை ஆமோதிக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கு அந்தச் சுருக்கத்துக்கு அவர்கள் நன்றியோடு இருப்பார்கள்.

படி 7: வாக்கெடுப்பு முடிந்த பிறகு

எல்ஐஎஸ்-இல் அவர் எப்படி வாக்களித்தார் என்று அன்றே பாருங்கள். நீங்கள் கேட்டபடி செய்திருந்தால் நன்றி சொல்லி ஒரு போன். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே பெயர் நினைவில் நிற்கும். எதிராகப் போட்டிருந்தால் காரணம் கேளுங்கள், கோபமில்லாமல்.

இரு அவையிலும் நிறைவேறினாலும் ஆளுநர் மேசை இருக்கிறது. 2024-ல் ரைபிள் தடை மசோதா இரண்டு அவைகளையும் தாண்டியது, அப்போதைய ஆளுநர் கிளென் யங்கின் வீட்டோ செய்தார். ஆகவே ஆளுநர் அலுவலகத்தின் எண்ணும் உங்கள் போனில் ஆறாவதாக இருக்கட்டும். டெலிகேட்டுகள் நூறு பேருக்கும் ஒவ்வொரு ஒற்றைப்படை ஆண்டு நவம்பரிலும் தேர்தல் வரும். அதற்கு முந்தைய கோடையில் அவர்கள் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார்கள். அப்போது மசோதா எண்ணும் அவர் போட்ட வாக்கும் உங்கள் கையில் இருந்தால், வாசலில் நின்றபடியே மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.