பாலன்சீன் பாலே பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காரைக்குடியில் என்னிடம் பரதம் படிக்கிற பிள்ளைகளுக்கு அவ்வப்போது நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனின் பாலேக்களை (மேலைநாட்டுச் செவ்வியல் நடனங்களை) வீடியோவில் போட்டுக் காட்டுவேன். 1904இல் ரஷ்யாவில் பிறந்து, பிறகு நியூயார்க் போய் பாலேயின் போக்கையே மாற்றிய மனிதர். ஒவ்வொரு புதுக் கூட்டமும் நான் ஆரம்பத்தில் வழுக்கிய இடங்களிலேயே வழுக்குகிறது. சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

கதை தேடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அவருடைய ‘செரினேட்’ பாலே ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, “மிஸ், இதுல யாரு ஹீரோயின்?” என்பார்கள். ஒரு மாணவி ஊர்க் கூட்டமொன்றில் இதைப் பற்றிப் பேசினாள். காதல், துரோகம், மரணம் என்று முழுநீளக் கதையே சொன்னாள். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

நடந்தது என்ன? 1934இல் தன் பள்ளி மாணவிகளை வைத்து பாலன்சீன் செய்தது அது. முதல் நாள் வந்தவர்கள் 17 பேர், அதனால் தொடக்கத்தை 17 பேருக்கு அமைத்தார். ஒத்திகைக்கு ஒரு பெண் தாமதமாக வந்தாள், ஒரு பெண் விழுந்தாள். இரண்டையும் ஆட்டத்திலேயே வைத்துக்கொண்டார். இதில் துரோகம் எங்கிருந்து வந்தது?

கதையைத் தேடினால் தொடக்கமே கைநழுவிப் போகும். திரை விலகும்போது 17 பேரும் வெளிச்சத்தை மறைப்பதுபோல வலது கையை உயர்த்தி நிற்கிறார்கள். மணிக்கட்டு மடங்குகிறது. கை நெற்றிப்பொட்டுக்கு வந்து, மார்புக்கு இறங்குகிறது. அப்புறம், அதுவரை நேராக இருந்த பாதங்கள் எல்லாம் ஒரே நொடியில் பக்கவாட்டில் விரிகின்றன. சும்மா நின்ற பெண்கள் அந்த நொடியில்தான் பாலே ஆடுகிறவர்கள் ஆகிறார்கள். பரதத்தில் முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டிக்குப் பாதம் திருப்பிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபட வேண்டும். “இந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்?” என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிப் பிடிபடும்? பரதத்தில் கதையே இல்லாத ஜதிஸ்வரத்துக்கு யாராவது கதை கேட்கிறோமா?

இசையைப் பின்னணி என்று நினைப்பது

பாலன்சீனின் ‘கான்செர்டோ பரோக்கோ’வில் (1941) ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையில் இரண்டு வயலின்கள், மேடையில் இரண்டு நாயகிகள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு இசையை மட்டும் ஒருமுறை கேளுங்கள். பிறகு பாருங்கள்.

முகத்தில் பாவம் (உணர்ச்சி) இல்லையே என்பது

கழுத்துக்குக் கீழே பாருங்கள்.

உடையைக் குறை சொல்வது

அவருடைய இன்னொரு பாலே ‘அகோன்’ (1957) ஓடும்போது பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, “ஏம்மா, ஒத்திகை உடுப்போடயே மேடைக்கு வந்துட்டாகளா?” என்றார். குறையாகத்தான் சொன்னார், ஆனால் விஷயம் அதுவேதான். உடம்பின் கோடுகள் தெரியட்டும் என்றே பாலன்சீன் பயிற்சி உடையை வைத்தார்.

ஃபோனில் பார்ப்பது

17 பேர் உள்ளங்கைக்குள் அடங்கமாட்டார்கள். டிவியில் போடுங்கள்.