'பிரையாரிட்டி' என்றால் கடைசியில் தொடுங்கள்: மாஸ் எஃபெக்ட் 3-ஐ மறுபடி ஆடுவோர் செய்யும் தவறுகள்

முதல் முறை ஆடுகிறவர் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். மாஸ் எஃபெக்ட் 3 என்ற விண்வெளி வீடியோ கேம் குழி வெட்டி வைத்திருப்பது இரண்டாம் முறை வருகிறவருக்கு. கதைதான் தெரியுமே என்ற தெம்பில், ஜர்னலில் (ஆட்டத்தின் வேலைப் பட்டியலில்) 'பிரையாரிட்டி' என்று தொடங்கும் மிஷன்களை மளமளவென்று முடிப்பார். கதையின் கடிகாரத்தை நகர்த்துவதே அந்த மிஷன்கள்தான். அது நகர்ந்தால், பக்கத்தில் காத்திருந்த வேலைகள் சொல்லாமல் கொள்ளாமல் மறையும்.

நல்ல உதாரணம் கிரிஸ்ஸம் அகாடமி என்ற பள்ளி. சுர்கெஷ் கிரக மிஷன் முடிந்ததும் அங்கிருந்து உதவி கேட்டு அழைப்பு வரும். கெடு இருப்பதாக ஜர்னல் சொல்லாது. நீங்கள் வேறு மூன்று நான்கு மிஷன் பார்த்துவிட்டு வருவதற்குள் எதிரி அமைப்பான செர்பரஸ் காரியத்தை முடித்துவிடும். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், செர்பரஸ் தலைமையகத்தில், அகாடமியில் இருந்த உங்கள் பழைய தோழி ஜாக், செர்பரஸின் ஃபேன்டம் என்ற வாள் வீசும் படையாளாக உங்கள் எதிரில் வந்து நிற்பாள். அழைப்பு வந்தவுடன் போய்விடுங்கள்.

துசாங்கா கிரக மிஷனை முடிப்பதற்குள் சிட்டாடல் விண்வெளி நிலையத்தின் ஹூர்ட்டா மருத்துவமனைக்கு நடையாய் நடக்க வேண்டும். உங்கள் பழைய தோழர்களான ஆஷ்லியோ கெய்டனோ, படுக்கையில் இருப்பவரிடம் மெயில் வரும்போதெல்லாம் போய்ப் பேசுங்கள். பேசாமல் விட்டால், அடுத்து வரும் சிட்டாடல் கலகத்தில் அவர் உங்களை நோக்கித் துப்பாக்கி நீட்டும்போது சமாதானம் எடுபடாமல் போகலாம். அதே மருத்துவமனையில் இரண்டாம் பாகத்துத் தோழர் தேனும் இருக்கிறார். (ஆங்கில எழுத்தில் பார்த்தால், 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலின் அதே பெயர். ஆட்டம் வந்தது அடுத்த மார்ச்சில். நம் ஊர்க்காரருக்கு இவரை மறப்பது கஷ்டம்.) அவரையும் பார்க்காமல், அவர் இடத்தை நிரப்பக்கூடிய கிர்ராஹே என்ற வீரரும் உயிரோடு இல்லாமல் போனால், அந்தக் கலகத்தில் சலேரியன் இனத்துக் கவுன்சிலர் பிழைக்க மாட்டார்.

ரன்னாக் கிரகத்திலும் இதே கதைதான். கெத் டிரெட்நாட் மிஷனுக்குப் பிறகு அட்மிரல் கோரிஸ், கெத் ஃபைட்டர் ஸ்குவாட்ரன்ஸ் என்று இரண்டு மிஷன்கள் திறக்கும். இரண்டையும் முடிக்காமல் பிரையாரிட்டி ரன்னாக்கைத் தொட்டால் குவேரியன் இனத்துக்கும், கெத் என்ற இயந்திர இனத்துக்கும் சமாதானம் கிடையாது. முடித்தாலும் அது உறுதியில்லை. இரண்டாம் பாகத்தில் குவேரியன் தோழி டாலி நாடுகடத்தப்பட்டாளா, ஹெரட்டிக் என்ற பிரிந்துபோன கெத்துகளை அழித்தீர்களா மாற்றி எழுதினீர்களா என்பதெல்லாம் கணக்கில் வரும். மாற்றி எழுதுவதுதான் கருணை என்று தோன்றும். ஆனால் சமாதானத்துக்குக் கை கொடுப்பது அழித்ததுதான்.

இங்கேதான் நியூ கேம் பிளஸ் (முடித்த நாயகனோடே மறுபடி தொடங்கும் முறை) காலை வாரும். 30-வது லெவலில் முடித்த நாயகன் ஷெப்பர்டை 60 வரை ஏற்றலாம், ஆயுதங்களை ஐந்திலிருந்து பத்தாம் நிலைக்குக் கொண்டுபோகலாம் என்பதெல்லாம் சரி. ஆனால் இரண்டாம் பாகத்து முடிவுகள் பழைய படியே வரும். போன முறை நாடுகடத்தப்பட்ட டாலி இந்த முறையும் அப்படியேதான் வருவாள். முடிவை மாற்ற நினைத்தால் இரண்டாம் பாகத்தை மறுபடி ஆடி, அந்த சேவ் ஃபைலை இம்போர்ட் செய்யுங்கள்.

சண்டையில் பெரிய தவறு சுமை. எந்த கிளாஸும் எந்தத் துப்பாக்கியையும் தூக்கலாம் என்பதால், பவர்களையே நம்பும் அடெப்ட் கிளாஸுக்குக்கூட ஐந்து வகைத் துப்பாக்கிகளையும் மாட்டிவிடுகிறார்கள். எடை ஏற ஏற பவர் (சிறப்புத் திறன்) ரீசார்ஜ் நேரம் நீளும். ஆயுதம் தேர்வு செய்யும் லோடவுட் திரையில் அந்த எண் +200% முதல் −200% வரை போகும். +200% இருந்தால் ஆறு வினாடி பவர் இரண்டு வினாடியில் தயார். பவரை நம்பி ஆடுகிறவருக்கு ஒரு பிஸ்டலோ, எடை குறைக்கும் அல்ட்ராலைட் மாட் போட்ட ஓர் எஸ்எம்ஜியோ (சிறு இயந்திரத் துப்பாக்கியோ) போதும். தோழி லியாராவை வார்ப் பவரைப் போடச் சொல்லி, உடனே நீங்கள் த்ரோ பவரை வீசினால் பயோட்டிக் வெடிப்பு. அவளுடைய ரீசார்ஜ் நேரம் தனி, உங்களுடையது தனி. புல், சிங்குலாரிட்டி ஆகிய பவர்கள் இரண்டும் ஷீல்டோ ஆர்மரோ இருக்கும் எதிரியைத் தூக்காது. அதை மறந்துதான் பலர் நின்ற இடத்திலேயே சாகிறார்கள்.

கிரகங்களைத் தேடி ஸ்கேன் அடிக்கும்போது முக்கிய எதிரிகளான ரீப்பர் இயந்திரங்கள் வந்துவிட்டால் அந்த நட்சத்திர சிஸ்டத்தை விட்டு ஓடுங்கள். ஒரு மிஷன் முடித்துவிட்டுத் திரும்பினால் இடம் காலியாக இருக்கும்.

2012-ல் எழுதிய கையேடுகளின் எண்களை, மூன்று பாகங்களையும் புதுப்பித்துத் தந்த லெஜண்டரி எடிஷனுக்குப் பொருத்த வேண்டாம். அன்றைக்கு மல்டிபிளேயர் ஆடாதவருக்கு ரெடினஸ் (போருக்கான தயார்நிலை) 50 சதவீதத்திலேயே நின்று, சேர்த்த படைபலம் பாதியாகத்தான் எண்ணப்பட்டது. 2021-ல் வந்த லெஜண்டரியில் மல்டிபிளேயரே இல்லை, அதனால் அந்தப் பாதிக் கணக்கும் இல்லை.

உள்ளூர்ச் சிக்கல்களும் உண்டு. மூன்று பாகமும் சேர்த்து பிசியில் 120 ஜிபி இடம் கேட்கும். தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பி இறக்கினால் இரண்டு மாதம் ஓடிவிடும். சண்டை நடுவே சேவ் செய்ய முடியாது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் கடைசி செக்பாயின்ட்டுக்குத்தான் திரும்புவீர்கள். ஆகவே ஒவ்வொரு பிரையாரிட்டிக்கு முன்பும் உங்கள் கப்பல் நார்மண்டியில் நின்று தனி ஸ்லாட்டில் சேவ் போடுங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றும் தூசும் சேர்ந்து ஃபேன் இறக்கையில் பிசுக்காகப் படியும். சூடேறி ஃபிரேம் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சிட்டாடல் டிஎல்சியை (விருந்தோடு முடியும் கூடுதல் கதையை) சீக்கிரமே ஆடிவிடாதீர்கள். ஹொரைசன் மிஷன் முடிந்தபின், செர்பரஸ் தலைமையகத்துக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்துத் தோழி மிராண்டாவுக்கு முன்பே அலையன்ஸ் (மனிதர் ராணுவம்) வசதிகளைத் திறந்துவிட்டு, செர்பரஸ் கொலையாளி காய் லெங் பற்றியும் எச்சரித்திருந்தால் விருந்துக்கு அவளும் வருவாள். தலைமையகத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த நிறுத்தம் பூமிதான்.