சாந்தோரினி வெள்ளை ஒயினை அளவோடு குளிரவையுங்கள்

கிரேக்கத்தின் சாந்தோரினி தீவில் விளையும் அசிர்ட்டிகோ திராட்சையின் வெள்ளை ஒயின் கிடைத்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவிடாதீர்கள். கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும். 10 முதல் 12 டிகிரி செல்சியஸ்தான் இதற்கு ஏற்ற குளிர்ச்சி. அதற்கும் கீழே போனால் புளிப்பு மட்டும் நாக்கில் நிற்கும். எலுமிச்சைத் தோலின் மணமும், கடைசியில் வரும் லேசான உப்புச் சுவையும் அமுங்கிப்போகும். அந்த உப்புச் சுவைக்காகத்தானே இதை வாங்குகிறோம்!

தீவில் எரிமலைச் சாம்பல் மண், மழையோ மிகக் குறைவு. பலத்த காற்றுக்குத் தப்பக் கொடிகளைத் தரையோடு தரையாகக் கூடைபோல் சுருட்டி வளர்க்கிறார்கள். குலைகள் அந்தக் கூடைக்குள்ளேயே பழுக்கின்றன. வெயில் கொளுத்தினாலும் புளிப்பு குறையாதது இந்தத் திராட்சையின் தனிக்குணம்.

அதனால் எண்ணெயில் பொரித்தவற்றுக்கு அருமையான துணை. சுட்ட ஆக்டோபஸ், தீவின் தக்காளி வடை எல்லாமே பொருந்தும். என் விருப்பம் பொரித்த கணவாய்தான், மேலே எலுமிச்சை பிழிந்து. கொஞ்சம் அகன்ற கோப்பையில் ஊற்றுங்கள். மீதியை இறுக மூடிக் குளிரில் வைத்தால் மறுநாளும் நன்றாகவே இருக்கும்.