நிலாவாரைப் பொடி: ராத்திரி சாப்பிட்டால் காலையில்தான்

நாட்டு மருந்துக் கடையில் ‘மலச்சிக்கலுக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது நிலாவாரைப் பொடிதான். நிலவாகை என்றும் சொல்வார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து வறண்ட நிலங்களில் விளைந்து, வெளிநாடுகளுக்குத் திருநெல்வேலி சென்னா என்ற பெயரிலேயே கப்பலேறுகிற சரக்கு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சென்னோசைடு மாத்திரைக்கும் மூலம் இந்தச் செடியின் இலையும் காயும்தான். ஆகவே மாத்திரைக்கு உள்ள கட்டுப்பாடு பொடிக்கும் உண்டு. ‘மூலிகைதானே, என்ன ஆகிவிடும்?’ என்பவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

காலையில் பொடியைச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணி வரை ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் போடுவார்கள். நிலாவாரை வயிற்றில் இறங்கியதும் வேலை செய்யாது. சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் குடலைத் தூண்டும் பொருள் உண்டாகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுப் போட்ட இரண்டாவது ஸ்பூனும் சேர்ந்துகொண்டால் வயிறு முறுக்கிப் பிழியும், பேதியும் ஆகும். படுக்கப் போகும்போது ஒரே வேளை போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் குறைந்ததையே எடுங்கள். குவித்து அள்ளும் ஸ்பூனுக்கும் தட்டி மட்டம் செய்த ஸ்பூனுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் வரும்.

இதைவிட வினையானது மறுநாள் செய்வது. நன்றாகப் போய்விட்டால் குடல் காலி. அது மறுபடி நிறைய ஓரிரு நாள் ஆகும். இன்று போகவில்லை என்றால் அது மலச்சிக்கல் இல்லை, போவதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இது புரியாமல் அன்று இரவும் பொடி, அதற்கடுத்த இரவும் பொடி. தினமும் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடக் கூடாது. நாள்பட்ட பேதியில் உடம்பிலுள்ள பொட்டாசியம் குறையும். நீர் பிரியும் மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து.

இன்னொன்று, தெரியாமலே இரட்டிப்பாகச் சாப்பிடுவது. ‘எடை குறைப்பு டீ’, ‘வயிறு சுத்தம்’ என்று விற்கும் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சென்னா, அதாவது இதே நிலாவாரை, இருக்கும். அதைக் குடித்துக் குறைகிற எடை தண்ணீர்தான், கொழுப்பு இல்லை.

மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது அந்தக் காலப் பழக்கம். 12 வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் நிலாவாரை வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெல்லமோ சர்க்கரையோ கலந்த சூரணமா என்று பார்த்து வாங்குங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், சில வலி மாத்திரைகள், தைராய்டு குறைவு ஆகியவையும் மலத்தை இறுக்கும். காரணம் அங்கே இருக்க, பொடியை மாற்றி மாற்றி வாங்குவது காசுக்குக் கேடு. அப்புறம், நிலாவாரை சாப்பிட்ட நாளில் சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ போகலாம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. காரணம் தெரியாத கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாத நிலை, இவற்றில் எது இருந்தாலும் பொடி கூடவே கூடாது. குடல் அடைப்பாகவோ குடல்வால் அழற்சியாகவோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், நடுவயதுக்குமேல் திடீரென மலம் போகும் வழக்கமே மாறினாலும், பொடியை வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.